லாரியின் பின்னச்சு சொல்லும் வரலாறு



கெடா மாநில வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவது கடாரம். இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டு வாக்கில் கடல் கடந்து படையனுப்பியதும், பூஜாங் பள்ளத்தாக்கில் கண்டெடுத்த பழங்கோயில் அடித்தளங்களும் நம் பள்ளி விழாக்களில் தவறாமல் பேசப்படுகின்றன. பேச வேண்டியவைதாம். ஆயினும் கரங்கான், மாகாங், பாடாங் செராய், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த நமக்கு, செம்மண் சடக்கில் ஓடிய வேறொரு வரலாறும் உண்டு. அது பால் ஏற்றிப் போன லாரியின் வரலாறு.

லாரி முழுவதையும் இன்று பேசப் போவதில்லை. பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே, அச்சின் மத்தியில், பூசணிக்காய் போல உருண்டு நிற்கிறதே ஒரு பகுதி, அதை மட்டும் எடுத்துக்கொள்வோம். டிஃபரன்ஷியல் என்பது அதன் பெயர். பட்டறைகளில் ‘டிப்பரன்சல்’ என்பார்கள். பாடநூல் எழுதுவோர் ‘வேறுபாட்டுப் பல்லிணை’ என்பார்கள். நாம் டிஃபரன்ஷியல் என்றே சொல்லுவோம்.

பழுது பார்ப்பவர் ஒருவர் இதைக் கழற்றிப் பலகைமேல் பரப்பி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கழற்றுவது பெரிய காரியமன்று. திரும்பப் பூட்டுவதில்தான் வித்தை இருக்கிறது. அவர் ஒவ்வோர் உறுப்பாகப் பூட்டி வரட்டும். நாம் பக்கத்தில் நின்று, அந்த உறுப்பு எங்கிருந்து வந்தது, ஏன் அப்படி அமைந்தது என்று கேட்டுக்கொண்டே போவோம்.

முதலில், இந்தப் பொருள் எதற்கு? நம் பாட்டன்மார் ஊரில் ஓட்டிய மாட்டு வண்டியில் இது கிடையாது. லாரி வருவதற்கு முன் இங்கே தோட்டங்களில் ஓடிய மாட்டு வண்டியிலும் கிடையாது. காரணம், அந்த வண்டியை இழுப்பது மாடு. அச்சு அசையாமல் நிற்கும். சக்கரம் இரண்டும் கடையாணிக்குள் தத்தம் போக்கில் சுழலும். வளைவில் ஒரு சக்கரம் கூடுதலாகச் சுற்றினால் மற்றதற்கு ஒரு தொல்லையும் இல்லை. மோட்டார் வண்டியில் நிலைமை வேறு. அங்கே சக்கரமே வண்டியைத் தள்ளுகிறது. இயந்திரத்தின் பலம் இரண்டு பின்சக்கரங்களுக்கும் போயாக வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பூட்டிவிட்டால் பலம் போய்ச் சேரும். ஆனால் வண்டி திரும்பாது.

பிள்ளைகள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளட்டும். லாரியின் இரண்டு சக்கரங்களுக்கும் இடைவெளி 1.5 மீட்டர். உள்சக்கரம் 6 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் முழுச் சுற்று வந்தால் ஏறக்குறைய 37.7 மீட்டர் ஓடும். வெளிச்சக்கரத்துக்கு ஆரம் 7.5 மீட்டர், அது 47.1 மீட்டர் ஓடும். வித்தியாசம் 9.4 மீட்டர். இப்போது ஆரத்தை 20 மீட்டர் என்று மாற்றிப் பாருங்கள். வித்தியாசம் அதே 9.4 மீட்டர்தான் வரும்! வட்டம் பெரிதோ சிறிதோ, வித்தியாசத்தைத் தீர்மானிப்பது சக்கரங்களின் இடைவெளி ஒன்றே. சக்கரத்தின் சுற்றளவு இரண்டரை மீட்டர் என்றால், ஒரு முழு வட்டத்தில் வெளிச்சக்கரம் ஏறக்குறைய நான்கு சுற்று கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். ஒரு முக்கு திரும்பினாலே ஒரு சுற்று. அதற்கு வழியில்லை என்றால் டயர் மண்ணில் தேய்ந்து இழுபடும், தண்டு முறுக்கிக்கொள்ளும், ஒருநாள் முறியும்.

இரயில் வண்டியில் இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுகப் பூட்டியவைதாமே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. இரயில் சக்கரத்தின் விளிம்பு சற்றே கூம்பு வடிவாகச் சீவப்பட்டிருக்கும். வளைவில் வண்டி வெளிப்பக்கம் ஒதுங்கும்போது, வெளிச்சக்கரம் தன் பருத்த பகுதியாலும் உள்சக்கரம் சிறுத்த பகுதியாலும் உருளும். கணக்கு சரியாகிவிடும். கெடாவைக் கடந்து பாடாங் பெசார் வரை 1918-இல் போட்ட தண்டவாளத்தில் இந்தத் தந்திரம் போதுமானதாக இருந்தது. சடக்கில் ஓடும் லாரிக்கு இது உதவாது.

சரி, பட்டறைக்கு வருவோம். அவர் முதலில் எடுப்பது டிஃபரன்ஷியல் கூட்டின் உள்ளே இருக்கும் சிறு பற்சக்கரங்களை. நடுவில் சிலுவை போன்ற ஒரு தண்டு. அதன் கைகளில் சிறு பற்சக்கரங்கள். காரில் பெரும்பாலும் இரண்டு, லாரியில் நான்கு. இவற்றின் இருபுறமும் பல் கோத்தபடி இரண்டு பக்கப் பற்சக்கரங்கள். இடப்பக்கத்துக்கு ஓர் எக்சல் தண்டு, வலப்பக்கத்துக்கு ஓர் எக்சல் தண்டு.

இது எப்படி வேலை செய்கிறது? நம் தோட்டத்துக் காண்டாக் கம்பை நினைத்துக்கொள்ளுங்கள். தோள் நடுவே கம்பு. இரு முனையிலும் பால் வாளி. தோள் முன்னே போனால் இரண்டு வாளியும் சேர்ந்து முன்னே போகும். ஒரு வாளி எதிலாவது தட்டிப் பின்தங்கினால், கம்பு தோளில் திரும்பி, மற்ற வாளி முன்னே போகும். பாரம் மட்டும் இரு பக்கமும் சமமாகவே இருக்கும். சிறு பற்சக்கரம் அந்தக் கம்பைப் போன்றது. நேர்ச் சடக்கில் அது தன்னளவில் சுழலாது. கூட்டோடு சேர்ந்து சுற்றி இரு பக்கத்தையும் ஒரே வேகத்தில் தள்ளும். வளைவில் உள்சக்கரம் மெதுவானால், அது தன் தண்டின்மேல் உருண்டு, அங்கே குறைந்த சுற்றை இங்கே வெளிச்சக்கரத்தில் கூட்டிக் கொடுக்கும்.

இதை மோட்டார் வண்டிக்காகக் கண்டுபிடித்ததாகவே பலரும் நினைக்கிறார்கள். மோட்டார் வண்டி பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இது இருந்தது. ஒனெசிஃபோர் பெக்கர் என்ற பிரெஞ்சுக்காரர், பாரிஸ் நகரத் தொழிற்கலைக் கூடத்தில் பட்டறைத் தலைவராக இருந்தவர், நீராவி வண்டி ஒன்றுக்காக 1828-இல் இதற்கு உரிமம் பெற்றார். பழங்காலச் சீனத்தில், எந்தப் பக்கம் திரும்பினாலும் தெற்கையே காட்டும் பொம்மை பூட்டிய தேர் ஒன்று இருந்ததாக ஏடுகள் கூறுகின்றன. அதற்குள் இத்தகைய பற்சக்கரங்கள் இருந்திருக்கலாம் என்று ஊகிப்பவர் உண்டு. தேர் நமக்குக் கிடைக்கவில்லை. ஊகத்தை ஊகமாகவே வைத்துக்கொள்வோம்.

பெக்கருடைய நீராவி வண்டி உலகை மாற்றவில்லை. இந்த அமைப்பு மக்களிடையே வந்தது மிதிவண்டி வழியாக. இங்கிலாந்தில் கோவன்ட்ரி நகரத்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி என்றொரு தொழிலாளி. தையல் இயந்திரம், மிதிவண்டி இரண்டிலும் கைதேர்ந்தவர். அவரும் மகன் வில்லியமும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து மிதிக்கும் வண்டியொன்றில் மேடேறினார்களாம். இளைஞன் பலமாக மிதித்தான்; தந்தையால் ஈடுகொடுக்க முடியவில்லை. பலம் மிகுந்த பக்கத்துச் சக்கரம் முந்தியது; வண்டி திரும்பிப் பள்ளத்தில் போய் விழுந்தது. விழுந்த இடத்திலேயே யோசனை பிறந்தது என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, 1877-இல் ஸ்டார்லி தம் மூன்று சக்கர வண்டிக்கு டிஃபரன்ஷியல் அமைத்தது வரலாறு. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-இல் உரிமம் பெற்ற மூன்று சக்கர மோட்டார் வண்டியிலும் அது இருந்தது. அங்கிருந்து சங்கிலியால் பின்சக்கரங்களைச் சுழற்றினார். 1898-இல் பிரான்சில் லூயி ரெனோ அந்தச் சங்கிலியை எடுத்துவிட்டு, இயந்திரத்திலிருந்து ஒரு நீண்ட தண்டைப் பின்னச்சுக்கே நேராகக் கொண்டுபோனார். இன்று நாம் லாரியின் அடியில் குனிந்தால் காணும் அமைப்பு ஏறக்குறைய அதுதான்.

நம் பக்கத்துக்கு மோட்டார் வண்டி வந்ததும் அந்தக் காலத்தில்தான். 1896-இல் சிங்கப்பூரில் ஒரு பென்ஸ் வண்டி வந்திறங்கியது. அதற்கு 19 ஆண்டுகளுக்கு முன், 1877-இல், அதே சிங்கப்பூருக்கு இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 இரப்பர்க் கன்றுகள் வந்திருந்தன. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். டயருக்கு இரப்பர் வேண்டியிருந்தது. இரப்பருக்குக் காடழித்துத் தோட்டம் போட வேண்டியிருந்தது. தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. நம் முன்னோர் கப்பலேறிய கதையின் ஒரு முனை, நாம் பார்க்கப் போகாத நாடுகளின் மோட்டார்ச் சாலைகளில் இருக்கிறது. கெடா 1909-இல் சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷார் ஆதிக்கத்துக்குக் கைமாறிய பின் இங்கே தோட்டங்கள் மளமளவென்று பெருகின. பிறகு லாரியும் வந்தது. டயருக்குப் பால் வெட்டியவர்களின் பாலை, அதே டயரில் உருண்ட லாரி ஏற்றிக்கொண்டு போயிற்று.

பட்டறையில் அடுத்த உறுப்பு பெரியது. கிரவுன் வீல் என்பார்கள். தட்டை வடிவப் பெரிய பற்சக்கரம். அதைக் கூட்டோடு சேர்த்துப் போல்ட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக இறுக்குகிறார். ஒரே பக்கமாக இறுக்கினால் சக்கரம் மயிரிழை கோணும். அந்தக் கோணல் பின்னால் ஊளையாகக் கேட்கும். இந்தக் கிரவுன் வீலைச் சுழற்றுவது பினியன் என்ற சிறு பற்சக்கரம். இரண்டையும் அவர் பலகைமேல் அருகருகே வைத்து, இரண்டிலும் பொறித்திருக்கும் எண்ணைப் பார்க்கிறார். எண் ஒன்றாக இருந்தால்தான் பூட்டுவார். வேறுவேறாக இருந்தால், எவ்வளவு புதியதாக மின்னினாலும் தொடமாட்டார்.

ஏன் இந்தக் கண்டிப்பு? அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரில் வில்லியம் கிளீசன் என்பவர், சாய்ந்த பல் வெட்டும் இயந்திரத்தை 1874-இல் செய்தார். அதன்பின் வளைந்த பல் வந்தது, ஓசை குறைந்தது. வெட்டிய பற்களை அப்படியே விடுவதில்லை. ஒரு கிரவுன் வீலையும் ஒரு பினியனையும் சேர்த்து, நடுவே அரைப்பான் பசை இட்டு, ஒன்றோடொன்று உரசவிட்டுப் பொருத்துவார்கள். அம்மியும் குழவியும் தேய்ந்து பொருந்துவது போல. அப்படிப் பொருந்திய பின் அவை ஒரு சோடி. ஒன்று உடைந்தால் இரண்டையும் மாற்றத்தான் வேண்டும்.

பற்களின் எண்ணிக்கையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பினியனுக்கு 9 பல், கிரவுன் வீலுக்கு 41 பல் என்று கொள்வோம். பினியன் நாலரைச் சுற்றுக்கும் சற்றே அதிகமாகச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். அதுதான் பாரம் இழுக்கும் பலத்தைத் தருகிறது. 40 பல் வைத்து 10 பல்லோடு கோத்தால் கணக்கு எளிதாக இருக்குமே என்று தோன்றும். அப்படி வைத்தால் பினியனின் ஒரு பல், பெரிய சக்கரத்தின் அதே நான்கு பற்களையே திரும்பத் திரும்பச் சந்திக்கும். ஒரு பல்லில் குறையிருந்தால் அந்த நான்கும் கெடும். 9-க்கும் 41-க்கும் பொது வகுஎண் கிடையாது. ஆகவே பினியன் 41 சுற்றுச் சுற்றுவதற்குள் அதன் ஒவ்வொரு பல்லும் பெரிய சக்கரத்தின் ஒவ்வொரு பல்லையும் ஒருமுறை சந்தித்துவிடும். தேய்மானம் எல்லாப் பல்லுக்கும் பங்காகும். மீப்பெரு பொது வகுஎண் எதற்குப் படிக்கிறோம் என்று கேட்கும் மாணவனுக்கு இதைச் சொல்லுங்கள்.

சோடி பிரியாமல் வைக்கும் இந்த ஒழுங்கு, நம் நாட்டில் ஒரு காலத்தில் தலைகீழானது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கெடாவுக்குள் நுழைந்தது. ஜித்ராவில் பிரிட்டிஷ் படை பின்வாங்கியபோது விட்டுப்போன லாரிகளும் கவச வண்டிகளும் சுமார் 300 என்று ஜப்பானியர் தரப்பில் எழுதி வைத்தனர். விட்டுப்போன வண்டிகளிலேயே ஏறி அவர்கள் தெற்கே போனார்கள். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் பிரிட்டிஷார் சரணடைந்த இடம் எது தெரியுமா? சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் இருந்த ஃபோர்டு மோட்டார்த் தொழிற்சாலை. கப்பலில் வந்த உறுப்புகளை வண்டியாகப் பூட்டுவதற்கென்று 1941-இல் திறந்த கூடம் அது. பிறகு அங்கே ஜப்பானியப் படைக்கு லாரி பூட்டினார்கள்.

ஆக்கிரமிப்பு ஆண்டுகளில் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. அதைத் தனியாகப் பேச வேண்டும். ஒரு வாக்கியத்தில் அடக்கக் கூடாது. இங்கே வண்டி பற்றி மட்டும் சொல்வோம். உதிரி உறுப்பு வரும் வழி அடைந்துவிட்டது. பெட்ரோல் கிடைக்கவில்லை. ஓடாத வண்டியிலிருந்து கழற்றி ஓடும் வண்டியில் பூட்டுவதே பழுது பார்க்கும் முறையாயிற்று.

போர் முடிந்தபின் நிலைமை மறுபக்கம் சாய்ந்தது. கனடா ஒன்றில் மட்டுமே போருக்காக 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட இராணுவ வண்டிகள் செய்திருந்தார்கள். போர் ஓய்ந்ததும் இத்தகைய வண்டிகள் மலாயாவிலும் மலிவாக விலைக்கு வந்தன. தோட்டத்துக்கும் வெட்டுமரத் தொழிலுக்கும் அவை போயின. பழைய இராணுவ லாரிகளின் உறுப்புகளைச் சேர்த்து, சீனப் பட்டறைக்காரர்கள் காட்டு மரம் இழுக்கும் லாரிகளைக் கட்டினார்கள். ‘சந்தாய் வோங்’ என்று பெயர். சீனத்தில் ‘மலையரசன்’ என்று பொருள். ஒரு வண்டியின் இயந்திரம், மற்றொன்றின் பின்னச்சு. எந்தப் பின்னச்சுக்கு எந்தப் பல் எண்ணிக்கை, எந்தப் பினியனுக்கு எந்தச் சோடி என்று அறிந்தவன் அங்கே வைத்தியன் போல மதிக்கப்பட்டான். அவற்றைக் கட்டியவர்களின் பெயரை வரலாற்று நூல்கள் எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்தது பொறியியல் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை.

அவசரகாலம் 1948-இல் அறிவிக்கப்பட்டது. தோட்டத்துரைமார் தம் வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டார்கள். அதே ஆண்டில்தான் லேண்ட் ரோவர் வெளிவந்தது. குண்டுக்குப் பயந்து ஏற்றிய தகட்டின் பாரத்தை எக்சல் தண்டுதான் சுமந்தது. பழைய லேண்ட் ரோவரில் அந்தத் தண்டு முறிவது எல்லாரும் அறிந்த நோய். அந்த வண்டியில் மற்றோர் ஆபத்தும் உண்டு. இன்றும் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். அதன் கைப்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. பின்னச்சுக்குப் போகும் நீண்ட தண்டைப் பிடிக்கிறது. எக்சல் தண்டு முறிந்தால் அந்தப் பிரேக்குக்குப் பிடிமானம் போயிற்று. முறியாவிட்டாலும், ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால், டிஃபரன்ஷியல் தன் வேலையைச் செய்துவிடும். தூக்கிய சக்கரம் ஒரு பக்கமாகவும் தரையிலிருக்கும் சக்கரம் மறுபக்கமாகவும் சுழல, கைப்பிரேக் போட்டபடியே வண்டி மேட்டிலிருந்து இறங்கும். ஜாக்கி வைக்குமுன் தரைச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கீழே படுத்திருப்பவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.

இப்போது பினியனைப் பூட்டும் கட்டம். நேரம் பிடிப்பது இங்கேதான். பினியன் கிரவுன் வீலை நோக்கி எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதை, ஷிம் எனப்படும் மெல்லிய வளையத் தகடுகள் தீர்மானிக்கின்றன. அடுத்து அதன் பேரிங்குகளை இறுக்குகிறார். ஆட்டம் இருக்கக் கூடாது. கையால் திருப்பினால் இலேசான இழுவை தெரிய வேண்டும். அதிகம் இறுக்கினால் பேரிங் சூடேறி வெந்துவிடும். பிறகு கூட்டை இருக்கையில் வைத்து, பேரிங் மூடிகளைப் போடுகிறார். கழற்றும்போதே இடது, வலது என்று குத்தூசியால் அடையாளம் இட்டிருந்தார். அந்த மூடிகளை இடத்தில் வைத்துத்தான் ஆலையில் துளை கடைந்திருப்பார்கள். மாறிப் போட்டால் வட்டம் வட்டமாக இராது.

பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விடும் இடைவெளி அடுத்தது. இடைவெளியே இல்லாவிட்டால் எண்ணெய் நுழைய இடமிராது, சூட்டில் இரும்பு விரியும், பல் பிடித்துக்கொள்ளும். அதிகமானால் ஒவ்வொரு முறை எண்ணெய் மிதிக்கும்போதும் சம்மட்டி அடிபோல் பல் மோதும். சிறு வண்டிகளில் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு வரை. லாரிக்குச் சற்றுக் கூடுதல். அந்தந்த வண்டிக்குரிய அளவு கையேட்டில் இருக்கும். முள் ஓடும் அளவு கடிகாரத்தைப் பல்லில் வைத்து, சக்கரத்தைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் பார்க்க வேண்டும். இடத்துக்கு இடம் மாறினால், முன்பு சொன்னோமே, போல்ட் இறுக்கியதில் கோணல் இருக்கிறது என்று பொருள்.

அளவு கடிகாரம் இல்லாத பட்டறையிலும் ஒரு சோதனை உண்டு. அது நாம் மிகவும் விரும்பிப் பார்ப்பது. பற்களில் நீலச் சாயமோ செவ்வீயப் பசையோ மெல்லப் பூசி, கிரவுன் வீலைக் கட்டையால் அழுத்திக்கொண்டு பினியனைத் திருப்புவார்கள். பல் பட்ட இடத்தில் சாயம் அழிந்து தடம் தெரியும். தடம் பல்லின் நடுவே அமைந்தால் வேலை சரி. பல்லின் நுனியோரம் ஏறினால் பினியன் தள்ளி நிற்கிறது. ஷிம் கூட்ட வேண்டும். அடியில் புதைந்தால் பினியன் நெருங்கிவிட்டது. ஷிம் எடுக்க வேண்டும். பல்லின் நீளவாக்கில் உள்முனைக்கு ஒதுங்கினால் இடைவெளி குறைவு. வெளிமுனைக்கு ஒதுங்கினால் அதிகம். ஒரு ஷிம் மாற்றினால் எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பூட்ட வேண்டும். நான்கு முறை கழற்றிப் பூட்டிய பின்னும் முகம் சுளிக்காமல் ஐந்தாம் முறை சாயம் பூசுபவனையே தொழிலாளி என்று நாங்கள் சொல்லுவோம்.

நம் தோட்டங்களில் இந்தக் கண்ணும் கையும் எப்படிக் கைமாறின? வகுப்பறையில் அன்று. பட்டறைக் கங்காணி ஒருவர் இருப்பார். அவரிடம் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையன் ஒருவன் இருப்பான். பால் வெட்டு வேண்டாம் என்று ஓடி வந்தவனாக இருப்பான். இரண்டு ஆண்டு மண்ணெண்ணெயில் பல் கழுவுவான். மூன்றாம் ஆண்டு ஷிம் கையில் கிடைக்கும். கையேடு ஆங்கிலத்தில் இருக்கும், வாசிக்கத் தெரியாது. ஆனால் சாயத் தடம் எந்த மொழியிலும் இல்லை, அதைப் படித்துவிடுவான். தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை.

சான்றிதழ் இல்லாதது எவ்வளவு பெரிய குறை என்பது பின்னால் தெரிந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அந்தத் துண்டாடலைக் கண்டுதான் 1960-இல் துன் சம்பந்தன் முயற்சியில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. துண்டாடிய தோட்டத்துக்குத் தனிப் பட்டறை எதற்கு? பட்டறை ஆளுக்கு வீடும் போயிற்று, வேலையும் போயிற்று. அடுத்து வந்தது 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடியுரிமை பெறாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் 1969 முதல் வேலை அனுமதி பெற வேண்டியதாயிற்று. பிறந்த மண்ணிலேயே ஆவணமில்லாமல் இருந்தவர்களும் இதில் அகப்பட்டார்கள். கப்பலேறித் தமிழகம் போனவர்கள் பல்லாயிரவர். அவர்களில் வெட்டுக்காரரும் உண்டு, லாரி ஓட்டியவரும் உண்டு, பினியன் பூட்டத் தெரிந்தவரும் உண்டு. தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தில் மரத்தின் எண்ணிக்கை இருக்கும், பாலின் எடை இருக்கும். கப்பலோடு போன கைத்திறனை எழுதுவதற்கு அதில் பத்தி கிடையாது.

காலமும் மாறியது. 1983-இல் புரோட்டான் நிறுவனம் தோன்றி, 1985-இல் சாகா கார் வெளிவந்தது. அது முன்சக்கரத்தால் ஓடும் வண்டி. டிஃபரன்ஷியல் கியர் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிட்டது. அதில் கிரவுன் வீலும் பினியனும் நாம் சொன்ன வடிவில் இல்லை. பட்டண மெக்கானிக் பிள்ளைகளில் பலர் சாயத் தடம் பார்க்காமலேயே தொழில் பழகிவிடலாம். நம் கூலிம் மாவட்டத்திலேயே தொண்ணூறுகளில் இனோகோம் கார் பூட்டும் ஆலை அமைந்தது. அங்கே இறுக்கும் போல்ட்டின் இறுக்கத்தைக் கருவியே அளந்து சொல்லும். பால் மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில், குலை ஏற்றும் லாரிக்கும் டிராக்டருக்கும் பழைய பின்னச்சே இன்னும் வேண்டியிருக்கிறது. ஒற்றை மோட்டாரில் ஓடும் மின்சாரக் காருக்கும் டிஃபரன்ஷியல் வேண்டும். வளைவின் கணக்கு மின்சாரத்தாலும் மாறாது.

செம்பனைக் காட்டுச் சேற்றில் லாரி சிக்கும்போது ஒரு சக்கரம் வெறுமனே சுழல, மற்றது அசையாமல் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். டிஃபரன்ஷியல் கெட்டுவிட்டது என்று திட்டுவார்கள். கெடவில்லை. காண்டாக் கம்பின் ஒரு முனையில் பாரமே இல்லாவிட்டால் மறுமுனையால் தூக்க முடியுமா? சேற்றில் வழுக்கும் சக்கரம் எவ்வளவு குறைந்த பலத்தை வாங்குகிறதோ, அவ்வளவே மற்றதற்கும் கிடைக்கும். ஆகவேதான் வழுக்கும் சக்கரத்துக்கு அடியில் பலகையோ சாக்கோ போடுகிறோம். டிராக்டரில் இதற்கென்று ஒரு மிதி இருக்கும். மிதித்தால் இரு பக்கமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சேறு தாண்டியதும் காலை எடுத்துவிட வேண்டும். பூட்டியபடியே திரும்ப முயன்றால், நாம் முதலில் போட்ட 9.4 மீட்டர்க் கணக்கு வந்து நிற்கும்.

பட்டறையில் வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது. எக்சல் தண்டுகள் உள்ளே போயின. எண்ணெய் ஊற்ற வேண்டும். 1926-இல் அமெரிக்காவில் பேக்கார்டு காரில் ஹைப்பாய்டு என்ற புதுவகைப் பல் வந்தது. பினியன் கிரவுன் வீலின் நடுமட்டத்துக்குக் கீழே தாழ்ந்து நிற்கும். நீண்ட தண்டும் தாழும். வண்டியின் தளமும் தாழும். ஆனால் பல் உருளுவதோடு வழுக்கவும் செய்யும். சாதாரண எண்ணெய் அந்த அழுத்தத்தில் பிதுங்கி ஓடிவிடும். ஆகவே கந்தகம் கலந்த தனி எண்ணெய் வந்தது. பின்னச்சு எண்ணெயில் அடிக்கும் அந்த அழுகிய முட்டை வாடை அதனால்தான். அடுப்பங்கரை அளவுக்கு அந்த வாடையைக் கொண்டு வருகிறார்களே என்று குறைப்படும் தாய்மார்கள் காரணத்தையாவது தெரிந்துகொள்ளட்டும்.

எண்ணெயை ஊற்றுத் துளையின் கீழ்விளிம்பு வரை விடுகிறார். அதற்குமேல் விட்டால் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து பிரேக்கை நனைக்கும். முதல் சில நாட்கள் பாரம் குறைவாக ஏற்றி ஓட்டச் சொல்கிறார். பிறகு எண்ணெயை இறக்கி, அடித்துளை மூடியைத் துணியில் துடைத்துப் பார்ப்பார். கருஞ்சாந்து போல் மெல்லிய இரும்புத் தூள் ஒட்டியிருந்தால், அது புதுப் பல் பொருந்தும் தேய்மானம், அஞ்ச வேண்டியதில்லை. விரலில் குத்தும் சில்லு ஒன்று கிடைத்தாலும், லாரியில் ஆள் ஏற்றாமல், மறுபடி முழுவதையும் இறக்கிப் பலகைமேல் பரப்ப வேண்டியதுதான்.